கால் வீக்கம் வெறும் வேலைக் களைப்புத்தானா? நாளப் பலவீனத்தை அறிவதும் வைத்தியம் பெறுவதும்



1983க்குப் பிறகு ஜேர்மனிக்கு வந்த எம்மவர்களில் பலர் உணவகச் சமையலறைகளிலும் துப்புரவு வேலையிலும் வருடக்கணக்காக நின்றபடியே உழைத்தவர்கள். இப்போது புதிதாக வருகிறவர்களில் பலருக்கும் முதலில் கிடைப்பது இப்படியான வேலைதான். பின்னேரம் வீட்டுக்கு வந்து சொக்ஸைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி ஆழமான தடம் இருக்கும். கால் பாரமாக இருக்கும். "படுத்தெழும்பினால் வத்திப்போகும்" என்று விட்டுவிடுவோம்.

வத்திப்போகும் என்பது உண்மைதான். ஆனால் காலையில் இல்லாமல் பின்னேரத்தில் வரும் வீக்கம் நாளப் பலவீனத்தின் முக்கியமான அடையாளம்.

காலில் என்ன நடக்கிறது?

"நரம்பு புடைச்சுப்போச்சு" என்று நாங்கள் சொல்வது உண்மையில் நரம்பு இல்லை, நாளம். காலில் இருந்து இரத்தத்தை மேலே இருதயத்துக்குக் கொண்டுபோவது நாளங்களின் வேலை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி, பம்பிபோல இரத்தத்தை மேலே தள்ளும். அது திரும்பக் கீழே விழாமல் நாளத்துக்குள் இருக்கும் சின்ன வால்வுகள் தடுக்கும். வால்வு பழுதானால் இரத்தம் கீழே தேங்கும், நாளம் வீங்கிச் சுருளும், நீர் கசிந்து கால் வீங்கும்.

பரம்பரை, வயது, பிள்ளைப்பேறு, உடற்பருமன், முன்பு வந்த இரத்தக்கட்டி ஆகியவை இதற்குக் காரணமாகலாம். அசையாமல் நெடுநேரம் நிற்பதும் இருப்பதும் நிலைமையை மோசமாக்கும்.

இது அரிதான வருத்தம் இல்லை. பொன் நகரிலும் அருகில் உள்ள கிராமப் பகுதிகளிலும் 2000 முதல் 2002 வரை 18 முதல் 79 வயதுள்ள 3,072 பேரைப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவருக்கு நாளக் கோளாறால் வீக்கமோ, தோல் மாற்றமோ, புண்ணோ இருந்தது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

- பின்னேரத்தில் கால் பாரம், உளைவு, வீக்கம்; காலை உயர்த்தி வைத்தால் சுகம்
- தோலுக்குக் கீழே நீலமாக, சுருண்டு புடைத்த நாளங்கள்
- இரவில் கெண்டைக்கால் பிடிப்பு
- கணுக்காலின் உள்பக்கம் கடி, தோல் கறுத்தல், தடித்தல்
- அதே இடத்தில் ஆறாத புண்

தோல் கறுப்பதைக் கவனியுங்கோ. வெள்ளைத் தோலில் மண்ணிறமாகத் தெரிவது எங்களுடைய தோலில் இலேசில் தெரியாது. வைத்தியரும் கவனிக்காமல் விடலாம். நீங்களே காட்டிச் சொல்லுங்கோ. இந்த நிலையில் வைத்தியம் தொடங்கினால் புண் வருவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். புண் வந்துவிட்டால் ஆற மாதக்கணக்காகும், வேலைக்குப் போவதும் கஷ்டம்.

உடனடி ஆபத்து

ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, நொந்து, சூடாக இருந்தால் இரத்தக்கட்டியாக இருக்கலாம். இதை இங்கே துரொம்போசே என்பார்கள். அன்றைக்கே வைத்தியரிடம் போகவேண்டும். வைத்தியசாலை நேரம் முடிந்திருந்தால் 116117க்கு எடுங்கோ. மூச்சு வாங்கினால், நெஞ்சு நொந்தால், மயக்கம் வந்தால் 112. கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இப்படியான காலுக்கு எண்ணெய் போட்டு உருவக்கூடாது.

யாரிடம் போவது?

முதலில் உங்கள் குடும்ப வைத்தியர், அதாவது ஹவுஸ்ஆர்ட்ஸ்ற். "மைனே பைனே சின்ட் ஆபென்ட்ஸ் கெஷ்வொல்லன்" என்று சொன்னால் பின்னேரத்தில் கால் வீங்குகிறது என்று விளங்கிக்கொள்வார். தேவையென்றால் நாள நிபுணரான ஃபிளேபொலோகேயிடம் போக ஊபர்வைசுங் தருவார். அங்கே ஸ்கான் செய்து வால்வுகளைப் பார்ப்பார்கள். நோவில்லாத சோதனை.

இரண்டு காலும் வீங்குவது இருதயம், சிறுநீரகம் சம்பந்தப்பட்டதாகவும் இருக்கலாம். சில பிறஷர் குளிசைகளாலும் வரும். ஆகவே குடிக்கிற மருந்துகளைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. நீர் போகிற குளிசையை மற்றவரிடம் வாங்கிக் குடிக்கவேண்டாம்.

வைத்தியம் என்ன?

முக்கியமானது அழுத்தக் காலுறை. கடையில் வாங்கும் சாதாரண சொக்ஸ் இதற்கு உதவாது. வைத்தியர் ரெசெப்ட் எழுதுவார், சனிற்ரேற்ஸ்ஹவுஸ் கடையில் உங்கள் காலை அளந்து தருவார்கள். காலையில் கட்டிலால் இறங்க முதல் போட்டு, இரவு படுக்கும்போது கழற்றவேண்டும். ரப்பர் கையுறை போட்டு இழுத்தால் இலேசு. சுமார் ஆறு மாதத்தில் அதன் இறுக்கம் குறையும். அப்போது புது ரெசெப்ட் கேளுங்கோ.

ஒரு கவனம்: நடக்கும்போது கெண்டைக்கால் நொந்து, நின்றால் நோ போகிறவர்களும், பாதம் குளிர்ந்திருப்பவர்களும், சலரோகம் உள்ளவர்களும் முதலில் நாடி இரத்தோட்டத்தைச் சோதிக்கவேண்டும். அது குறைவாக இருந்தால் இறுக்கமான காலுறை கெடுதல் செய்யும்.

பழுதான நாளத்தைச் சத்திரசிகிச்சையால் எடுக்கலாம், அல்லது லேசர், ஊசிமருந்தால் மூடலாம். எல்லா முறைகளுக்கும் எல்லாக் காப்புறுதியும் பணம் கட்டாது. கையெழுத்து வைக்க முதல் உங்கள் கிராங்கன்காசேயிடம் கேளுங்கோ.

செலவும் உரிமையும்

அரச மருத்துவக் காப்புறுதி உள்ளவர்கள் ரெசெப்டில் வரும் காலுறைக்கு 5 முதல் 10 யூரோ வரை கட்டவேண்டும். கடைக்காரர் அதற்கு மேல் கேட்டால், மேலதிகக் காசில்லாத வகையைக் காட்டச் சொல்லுங்கோ. ஒரு வருடத்தில் கட்டிய இப்படியான பங்குப் பணம் குடும்ப வருமானத்தின் 2 வீதத்தை, நீண்டகால நோயாளருக்கு 1 வீதத்தை, எட்டினால் மிச்சத்துக்கு விலக்குக் கேட்கலாம். பற்றுச்சீட்டுகளை எறியவேண்டாம்.

அகதி வழக்கு நடக்கிறவர்களுக்கு, 2024இல் மாறிய சட்டப்படி, பொதுவாக முதல் 36 மாதங்களுக்கு மட்டுப்படுத்தப்பட்ட வைத்திய உதவிதான். ஆனாலும் திடீர் வருத்தமும் நோவும் அதற்குள் அடங்கும். இரத்தக்கட்டியும் ஆறாத புண்ணும் காத்திருக்கிற வருத்தங்கள் இல்லை. காலுறைக்கு சோசியால்அம்ற் அனுமதி கேட்டால், நோவும் வீக்கமும் இருப்பதை வைத்தியரிடம் எழுத்தில் வாங்கிக் கொடுங்கோ. மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேட்டு வாங்கி, ஆலோசனை நிலையத்துக்குக் கொண்டுபோங்கோ.

நாங்களே செய்யக்கூடியவை

- நிற்கும்போது அடிக்கடி குதிக்காலை உயர்த்தி இறக்குங்கோ.
- ஆறு மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் 30 நிமிட ஓய்வு சட்டப்படி உண்டு. அப்போது காலை உயர்த்தி வையுங்கோ.
- தினமும் அரை மணித்தியாலம் நடவுங்கோ.
- சுடுதண்ணி ஒத்தடம் வேண்டாம், நாளம் இன்னும் விரியும். குளிர்ந்த தண்ணி ஊற்றலாம்.
- கொழும்புக்குப் பறக்கும்போது இடைக்கிடை எழும்பி நடவுங்கோ. முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள் பயணத்துக்கு முதல் வைத்தியரைக் கேளுங்கோ.

பழுதான வால்வு தானாகத் திருந்தாது. ஆனால் நேரத்துக்குக் கவனித்தால் புண் வராமல் காப்பாற்றலாம். இன்று பின்னேரம் சொக்ஸைக் கழற்றும்போது இரண்டு காலையும் ஒருக்கால் வடிவாகப் பாருங்கோ. வீட்டில் இருக்கும் அம்மா, அப்பாவின் கால்களையும் பாருங்கோ.