உம்மும்மாவின் குளிசையும் என் தொய்வும்

சென்ற வருடம் மீலாத் விழாப் பேச்சுப் போட்டிக்கு முதல் நாள் எனக்குக் கை நடுங்கத் தொடங்கியது. உம்மும்மாவும் கைநடுக்கத்துக்குத்தானே புரொப்ரனலோல் என்ற குளிசை பாவிக்கிறார் என்று ஒன்றைக் கையில் எடுத்தேன். உம்மா கண்டுவிட்டார்.

"உனக்குத் தொய்வு இருக்கே மகள், கேக்காம விழுங்காதே" என்று பாமசிக்குக் கூட்டிப் போனார். அங்கிருந்த சேர் ஒரேயடியாக மறுத்தார். "தொய்வு உள்ளவங்களுக்கு இது ஆபத்து."

ஏன் என்று தேடிப் பார்த்தேன். பயந்தால் சுரக்கும் அதிரினலின், பீற்றா எனப்படும் வாங்கிகளில் ஒட்டியே வேலை செய்கிறது. இதயத்தில் பெரும்பாலும் பீற்றா-1. அங்கே துடிப்பைக் கூட்டும். சுவாசக் குழாய்த் தசையில் பீற்றா-2. அங்கே தசையைத் தளர்த்திக் குழாயை விரிக்கும். 1960களில் ஜேம்ஸ் பிளாக்கின் ஆய்வில் பிறந்த புரொப்ரனலோல் இதய நோயாளருக்குப் பெரும் உதவி. 1988இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் அது இரு வாங்கிகளையும் அடைத்துவிடும்.

இனி, ஒவ்வாமை உள்ள ஒருவர் தூசியைச் சுவாசிக்கிறார் என்று வையுங்கள். நுரையீரலிலுள்ள மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகின்றன. குழாய் சுருங்குகிறது, வீங்குகிறது, சளி கட்டுகிறது. அதிரினலின் தசையைத் தளர்த்துவதோடு, மாஸ்ட் கலங்கள் கொட்டுவதையும் குறைக்கும். வாங்கி அடைபட்டால் இரண்டு காவலும் போய்விடும். இதைவிட மோசமானது ஒன்றுண்டு. என் பையில் எப்போதும் இருக்கும் நீல நிற சல்பியூட்டமோல் இன்ஹேலரும் அதே பீற்றா-2 வழியாகத்தான் வேலை செய்கிறது. அவசரத்துக்கு அடித்தாலும் சரியாகக் கேட்காது. கடும் ஒவ்வாமைக்குப் போடும் அதிரினலின் ஊசியின் பலனும் குறையலாம்.

கண் அழுத்த நோய்க்கு விடும் டிமோலோல் சொட்டு மருந்தும் இந்த இனம்தான். கண்ணில் விடுவதுதானே என்று நானும் நினைத்தேன். அது கண்ணீர்க் கான் வழியே மூக்குக்குள் இறங்கி இரத்தத்தில் கலக்கிறது.

பைசோப்ரலோல், அட்டெனலோல் போன்றவை பெரும்பாலும் பீற்றா-1ஐயே அடைப்பவை. தொய்வுள்ள இதய நோயாளிக்கு அவற்றைக் கொடுப்பதா என்பது வைத்தியரின் முடிவு. பெற்றோருக்கு ஒன்று: இதை வாசித்துப் பயந்து, ஏற்கனவே பாவிக்கும் குளிசையைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். அதுவும் இதயத்துக்கு ஆபத்து. கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் தொய்வு, ஒவ்வாமை யாருக்கு என்றல்ல, நோயாளிக்கே இருக்கிறதா என்று மறக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த நாள் கை நடுங்க நடுங்கவே பேசினேன். மூன்றாமிடம். உம்மும்மாவின் குளிசைப் பெட்டி இப்போது அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது.