புகாரின் உணவும் கலையும்

சங்ககிரிக்கு மேற்கே ஓடும் காவிரி, கடலொடு கலக்குமிடத்துச் சோழர் துறைமுகமாய்ப் பொலிந்தது காவிரிப்பூம்பட்டினம். இன்று மயிலாடுதுறை மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூராக எஞ்சி நிற்கும் இப்புகாரின் பண்டை வாழ்வை அறிதற்கு நூல், மண் என்னும் இருவகைச் சான்றுகள் உள.

உணவினைப் பட்டினப்பாலை உணர்த்தும். பரதவர் கடலிறாவைச் சுட்டும் வயலாமையைப் புழுக்கியும் உண்டனர். அறச்சாலைகளில் சோறு வடித்த கஞ்சி தெருவிற் பெருகி ஓட, எருதுகள் மோதி மிதித்தமையால் அவ்விடம் சேறாயிற்று. கடலுணவும் நெல்லுணவும் ஓரூரில் இயைந்தமை, துறையும் வயலும் அடுத்தடுத்து இருந்தமையைக் காட்டும். ஈழத்து உணவுப்பொருளும் அத்துறையில் வந்திறங்கிற்று.

கலையினைச் சிலப்பதிகாரம் அளந்தே கூறும். மாதவி அரங்கேறிய ஆடலரங்கு 7 கோல் அகலமும் 8 கோல் நீளமும் 1 கோல் உயரமும் உடையது. கோல் ஒன்றுக்கு 24 விரல். அவள் பெற்ற பரிசு 1008 கழஞ்சுப் பொன். இத்துணை நுட்பமான அளவுகள், அரங்கமைப்புக்கென வரையறுத்த இலக்கணம் வழங்கியதைப் புலப்படுத்தும்.

1962-63இல் இந்தியத் தொல்லியல் துறையினர் கீழையூரில் செங்கற் படகுத்துறை ஒன்றை அகழ்ந்து கண்டனர். அங்குக் கிடைத்த மரத்தூணின் காலம் ஏறத்தாழக் கி.மு. 3ஆம் நூற்றாண்டு எனக் கரிமக் கணிப்பு உணர்த்திற்று. துறைமுகத்தின் தொன்மையை இஃது நிறுவும். ஆடலரங்கையும் அறச்சாலையையும் நிறுவாது. அவற்றை நூலொன்றே இன்று காட்டுகின்றது. கடல் கரையை அரித்து வருதலின், எஞ்சிய நிலத்தை அகழ்ந்து நூற்செய்தியொடு ஒப்பிட்டு ஆராய்தல் காலந்தாழ்த்தற்குரிய பணியன்று.