முதலில் நிலம், பிறகு கல்

போடியிலிருந்து முந்தலைத் தாண்டி மேலே ஏறினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். வண்டியை ஓரங்கட்டி இளைப்பாறும் இடங்களில், சாலைக்காக வெட்டப்பட்ட மலைச்சரிவு கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. இந்த மாதிரிப் பாறைகளின் விரிசல் முகத்தில் சில நேரம் கறுப்பாக, கிளை கிளையாக ஒரு பெரணி படர்ந்திருக்கும். பார்த்தவர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவார். பத்துக் கோடி வருஷத்துக்கு முந்தைய இலை என்று குழுவில் ஒருவர் சொல்லிவிடுவார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடு நாலு பேர் கிளம்பிவிடுவார்கள்.

அது இலை அல்ல. மாங்கனீசு கரைந்த நீர் விரிசலுக்குள் கசிந்து, ஆக்சைடாகப் படிந்த தடம். டெண்ட்ரைட் என்பார்கள். சந்தேகம் இருந்தால் கைவசம் ஒரு லென்ஸ் போதும். உண்மையான இலைப் படிவத்தில் நடுநரம்பும் அதிலிருந்து பிரியும் கிளை நரம்புகளும் ஓர் ஒழுங்கில் இருக்கும். இலைக்கு விளிம்பு இருக்கும். டெண்ட்ரைட்டில் நரம்பும் இல்லை, விளிம்பும் இல்லை. பாறையின் விரிசலோ ஓரமோ எங்கே இருக்கிறதோ அங்கிருந்து கிளம்பி, நீர் போன திசையில் எல்லாம் கிளைத்துக்கொண்டே போகும். கல்லை உடைத்துப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் தொடராது. மேல் முகத்தோடு சரி.

இந்த மலையில் புதைபடிவம் கிடைக்காததற்குக் காரணம் பாறையின் பிறப்பிலேயே இருக்கிறது. ஏலமலையின் முதுகெலும்பு சார்னோக்கைட்டும் அதைச் சார்ந்த நைஸ் பாறைகளும். சென்னைப் பல்லாவரத்தில் கிடைக்கும் அதே வகைக் கல். 1893-ல் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அதற்குப் பெயர் வைத்தார். கொல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜாப் சார்னாக்கின் சமாதிக்கல் பல்லாவரத்துக் கல்லில் செய்தது என்பதால் அந்தப் பெயர். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன், பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், 700, 800 டிகிரி வெப்பத்தில் உருவான பாறை இது. கிளிஞ்சலோ எலும்போ இலையோ அந்த வெப்பத்தைத் தாங்காது. உயிரின் தடம் வேண்டுமென்றால் கடலடியிலும் ஆற்றுப்படுகையிலும் அடுக்கடுக்காகப் படிந்த மண், மணல், சுண்ணாம்புப் பாறைகளைத் தேட வேண்டும். போடிமெட்டில் அவை இல்லை.

உருண்டைக் கல்லைப் பார்த்து 'முட்டை' என்பதும் இதே கதைதான். கடினமான பாறை மூலைகளில் முதலில் சிதைந்து, வெங்காயம் போல அடுக்கடுக்காக உரிந்து, நடுவில் உருண்டையை மிச்சம் வைக்கும். நைஸில் தெரியும் சிவப்புப் புள்ளிகள் கார்னெட் மணிகள். மாணிக்கம் என்று நினைத்துப் பெயர்த்தவர்களுக்கு நகம் பெயர்ந்ததுதான் மிச்சம்.

கல் எதுவாகவும் இருக்கட்டும், அதை எடுத்துப் பையில் போடுகிறவருக்கு ஒரு கேள்வி முதலில் வர வேண்டும். இது எந்த உயிரினம் என்பதல்ல, இது யாருடைய நிலம் என்பது.

போடிப் பக்கச் சரிவில் கணிசமான பகுதி காப்புக்காடு. தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி அனுமதியில்லாமல் உள்ளே நுழைவதும் கல் வெட்டுவதும் வனப்பொருள் எடுப்பதும் குற்றம். கல்லும் கனிமமும் வனப்பொருளுக்குள் அடங்கும். அது புதைபடிவமா, வெறும் கூழாங்கல்லா என்று வனக்காவலர் ஆராய வேண்டியதில்லை. மெட்டைத் தாண்டி இடுக்கி மாவட்டத்துக்குள் போனால் கேரள வனச் சட்டம், 1961. அருகிலேயே இருக்கும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். அதை மீறினால் மூன்று ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். சாலையோரச் சரிவு நெடுஞ்சாலைத் துறையுடையது.

ஏலத்தோட்டம் தனியார் இடம்தானே, முதலாளியிடம் சொல்லிவிட்டு எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். பட்டா நிலம் என்றால் பெரும்பாலும் போதும். நிலத்துக்கடியில் உள்ளது எல்லாம் தானாகவே அரசுக்குச் சொந்தமாகிவிடாது, வேறு சட்டம் மாற்றிச் சொல்லாதவரை நிலத்துக்காரருக்கே உரிமை என்று 2013-ல் மலபார் நில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் ஏலமலையில் பல தோட்டங்கள் குத்தகை நிலத்தில் நிற்கின்றன. கேரளப் பக்க ஏலமலைக் காட்டில் நிலம் வருவாய்த் துறைக்கா, வனத் துறைக்கா என்ற தகராறே பல பத்தாண்டுகளாக ஓடுகிறது. குத்தகைக்காரர் தரும் வாய்மொழி அனுமதியை நம்பி மண்வெட்டி தூக்காதீர்கள். தமிழகப் பக்கம் புல எண் தெரிந்தால் பட்டாவையும் அ-பதிவேட்டையும் அரசின் இணையச் சேவையில் யாரும் பார்க்கலாம். அதிலும் தெளிவு வராவிட்டால் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு. 30 நாளில் பதில் தர வேண்டும்.

விசித்திரம் என்னவென்றால், புதைபடிவத்துக்கென்று இந்தியாவில் தனிச் சட்டமே கிடையாது. 1972-ன் தொல்பொருள் சட்டம் சிலை, நாணயம், கல்வெட்டு என்று மனிதக் கை பட்டவற்றையே மனதில் வைத்து எழுதப்பட்டது. 2022 டிசம்பரில் சுரங்க அமைச்சகம் புவிமரபுத் தலங்களுக்கும் புவி எச்சங்களுக்கும் ஒரு மசோதா வரைவை வெளியிட்டது. எல்லா அதிகாரமும் இந்திய நிலவியல் ஆய்வகத்தின் கையில் குவிகிறதே என்று ஆய்வாளர்கள் பலர் எதிர்த்தார்கள். வரைவு இன்னும் சட்டமாகவில்லை. அமெரிக்காவில் 2009-ல் இயற்றிய சட்டம், குறிப்பிட்ட பொது நிலங்களில் சாதாரணக் கிளிஞ்சல், செடிப் படிவங்களைப் பொழுதுபோக்குக்காக அளவோடு எடுக்கலாம் என்றும், முதுகெலும்புள்ள விலங்குகளின் எச்சத்தைத் தொடக்கூடாது என்றும் கோடு போட்டுக் காட்டுகிறது. நமக்கு அந்தக் கோடு இல்லை. அதனால் எடுக்கிறவருக்கு உரிமை இருப்பதாக அர்த்தமில்லை. நிலத்தை வைத்தே எல்லாம் முடிவாகும் என்று அர்த்தம்.

தேனி மாவட்டத்தில் காலடியில் தட்டுப்பட அதிக வாய்ப்புள்ளது வேறு. ஆண்டிபட்டி அருகே புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு தமிழ்-பிராமி எழுத்துள்ள நடுகற்களைக் கண்டெடுத்தது. தமிழகத்தில் கிடைத்த மிகப் பழைய நடுகற்களில் அவை சேரும். இப்படி எழுத்துள்ள கல், முதுமக்கள் தாழி, பழங்காசு கண்ணில் பட்டால் அது தொல்பொருள்; மறைத்தால் குற்றம். மண்ணுக்குள் மறைந்து கிடைக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைப் பற்றி ஆட்சியருக்கு எழுதித் தர வேண்டும் என்று 1878-ன் புதையல் சட்டம் சொல்கிறது. ஆட்சியருக்கு எழுதியதன் நகலைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் தாசில்தாரிடமும் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டால் பிறகு யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

மலைமேல் சட்டத்தை விட அவசரமான ஆபத்துகளும் உண்டு. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு அருகில் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேற்றத்துக்குப் போனவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகே தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. கல் தேடுகிறேன் என்று வழித்தடத்தை விட்டு விலகுவதற்கு அந்த விதிகளில் இடமில்லை. வடகிழக்குப் பருவமழையில் சாலைச் சரிவுகள் ஊறிக் கிடக்கும். அடியிலிருந்து ஒரு கல்லைப் பெயர்ப்பது மேலே இருப்பதை எல்லாம் கூப்பிடுவதாகும், அதுவும் உங்கள் தலைமேல் மட்டும் விழாது. யானையைப் பற்றித் தேனிக்காரருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். சின்னக்கானலிலிருந்து பிடித்துக் கொண்டுபோய் விடப்பட்ட அரிக்கொம்பன் 2023 மே மாதம் கம்பம் தெருவுக்குள்ளேயே வந்தது.

ஆர்வம் விடவில்லை என்றால் போக வேண்டிய திசை அரியலூர், பெரம்பலூர். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் காரையில் செம்மண் ஓடைகளாக அரிக்கப்பட்ட களிமண் நிலத்தில் பெலம்னைட்டுகள் கிடக்கின்றன. ஒருமுனை கூரான, விரல்நீளப் பழுப்பு உருளைகள். உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தால் மையத்திலிருந்து விளிம்பு வரை நூல் நூலாகக் கதிர்கள் ஓடும். கணவாய்க்கு உறவான ஒரு விலங்கின் உள்கூடு அது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் படுத்திருக்கிறது. காரையும் சாத்தனூரும் விழுப்புரம் மாவட்டத் திருவக்கரையும் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்கள். அங்கே பார்க்கலாம், வரையலாம், படம் எடுக்கலாம்; துண்டு கூட எடுக்கக் கூடாது. அரியலூர் மாவட்டம் வாரணவாசி அருங்காட்சியகத்தில் பல மாதிரிகளை ஒரே இடத்தில் பார்த்துப் பழகலாம். வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் இருப்பவர்கள் ஏற்கெனவே ஒரு புதைபடிவத்துக்குச் சொந்தக்காரர்கள்: கண்டகி ஆற்றின் அந்தச் சக்கரக் கல்லில் சுருண்டிருப்பது அம்மோனைட்.

இந்தப் பழைய கடல் மண்ணைப் பற்றி உலகத்துக்கு முதலில் சொன்னவர்களும் பொழுதுபோக்காளர்கள்தான். 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இரண்டு மதராஸ் அதிகாரிகள் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் சேர்த்த கிளிஞ்சல்கள் லண்டனுக்குப் போய், 1846-ல் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் கையால் விவரிக்கப்பட்டன. எங்கே கிடைத்தது என்று எழுதி வைத்ததால்தான் அவை அறிவியலுக்கு உதவின. இடம் எழுதாத கல் அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான்.

கல்லமேட்டுக் கதை இதற்கு மறுபக்கம். அரியலூர் மாவட்டத்தின் அந்த ஊரில் கிடைத்த ராட்சத எலும்புகளை வைத்து ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களின் பிற்பகுதியில் ஒரு டைனோசருக்குப் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். கீழ்க்கால் எலும்பு மட்டுமே இரண்டு மீட்டர் நீளம் என்பது அறிக்கை. உலகிலேயே மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்று பேச்சு எழுந்தது. ஆனால் எலும்புகள் பொடிந்து அழிந்துபோயின. அது எலும்பே இல்லை, கல்மரம் என்று வெளிநாட்டில் சந்தேகப்பட்டவர்களுக்கு முப்பது ஆண்டு வரை காட்ட ஒன்றும் இல்லை. 2022-ல் அய்யாசாமியும் இன்னொரு ஆய்வாளரும் அகழ்வின் போது எடுத்த, அதுவரை வெளிவராத புகைப்படங்களை வெளியிட்ட பிறகே விவாதம் மறுபடி உயிர் பெற்றது. எலும்பு போனது, படம் நின்றது.

எனவே ஒரு பொழுதுபோக்காளர் செய்யக்கூடிய நல்ல வேலை, கல்லைப் பெயர்க்காமல் பதிவு செய்வது. அளவுகோலோ ஒரு நாணயமோ அருகில் வைத்துப் படம், கைப்பேசியில் இடக்குறிப்பு, எந்த அடுக்கிலிருந்து வெளியே தெரிகிறது என்று இரண்டு வரி, தேதி. அதைச் சென்னை கிண்டியில் உள்ள இந்திய நிலவியல் ஆய்வகத்தின் தமிழ்நாடு அலுவலகத்துக்கோ, சேலம் பெரியார் பல்கலைக்கழகம், சென்னை மாநிலக் கல்லூரி போன்ற இடங்களின் நிலவியல் துறைக்கோ அனுப்பலாம். ஊடகத்துக்கு முன்னால் அவர்களுக்கு அனுப்புங்கள். 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரியைத் தோண்டும்போது வெளிவந்த உருண்டைகள் ஒரே நாளில் டைனோசர் முட்டைகளாக ஊரெல்லாம் பரவின. நிலவியலாளர்கள் வந்து பார்த்து, அம்மோனைட்டைச் சுற்றி மண் இறுகிய கட்டிகள் என்றார்கள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. சுண்ணாம்புச் சுரங்கங்கள் லாரி லாரியாகக் கிளிஞ்சலை அரைக்கும் ஊரில் ஒரு பள்ளிக்கூடப் பையன் கைக்கல்லைக் குற்றமாகப் பேசுவது எனக்கு ஒப்பாத விஷயம். ஆனாலும் எண்ணிக்கையில் அரிதான எலும்பையும் பல்லையும் தோண்டாமல் விடுவதே சரி.

காசு கொடுத்து வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. அரிசியை இழுக்கும் இரிடியச் சொம்பு, மண்ணுளிப் பாம்பு, நாகரத்தினம் என்று தமிழ்நாட்டில் வீடு வாசலை இழந்தவர்கள் உண்டு. அதே கும்பல் கையில் 'டைனோசர் முட்டை'யும் வரும். (இரிடியத்துக்கும் டைனோசருக்கும் உண்மையிலேயே ஓர் உறவு உண்டு: 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த விண்கல் உலகம் முழுக்கத் தூவிய மெல்லிய களிமண் அடுக்கில் அது அதிகம். அதற்காக அரிசியை இழுக்கும் சொம்பு உருவாகிவிடாது.) ஏற்றுமதி செய்தால் கோடி என்று சொல்லி முன்பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் முதல் வேலை சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழைப்பது. எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ அவ்வளவு தூரம் பணத்தை வங்கியில் முடக்க வழி உண்டு. பிறகு காவல் நிலையத்தில் பாரதிய நியாய சன்ஹிதா 318-இன் கீழ் ஏமாற்றுப் புகார்.

இணையக் கடையில் அம்மோனைட் என்று வாங்கியது பிசினும் சிமெண்டும் கலந்த அச்சு வார்ப்பாக இருந்தால் அது நுகர்வோர் வழக்கு. வார்ப்பில் காற்றுக் குமிழ் ஓட்டைகள் தெரியும், அச்சின் இணைப்புக் கோடு தெரியும், அதே கடையில் அச்சு மாறாத இன்னொரு துண்டும் இருக்கும். கடையின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம், அதன் பின் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விளம்பரப் பக்கத்தின் படம், ரசீது, பெட்டியைத் திறக்கும்போது எடுத்த காணொளி மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

மலையில் வனத்துறை நிறுத்தினால் வாக்குவாதம் வேண்டாம், கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடவும் வேண்டாம். எடுத்ததைக் காட்டி, எங்கே எடுத்தீர்கள் என்று உண்மையைச் சொல்லுங்கள். பறிமுதல் செய்தால் மகஜர் நகல் கேளுங்கள், பணம் கட்டச் சொன்னால் ரசீது கேளுங்கள். கைது என்றால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தியாக வேண்டும். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100-க்கு அழைத்தால் இலவச சட்ட உதவிக்கு வழி சொல்வார்கள்.