கணக்கைக் கேட்ட ஊர்

1994 டிசம்பர் 2. ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் உள்ள கோட் கிரானா என்ற சிற்றூரில் மக்கள் கூடினார்கள். அது கட்சிக் கூட்டமும் இல்லை, சாதிப் பஞ்சாயத்தும் இல்லை. ஊரில் அரசு செய்ததாகச் சொல்லும் வேலைகளின் பில்களும், மஸ்டர் ரோல் என்கிற கூலிப் பதிவேட்டில் இருந்த விவரங்களும் ஊரார் முன்னால் உரக்கப் படிக்கப்பட்டன. எந்த வேலை, எத்தனை நாள், யாருக்கு எவ்வளவு கூலி என்று ஒவ்வொன்றாக வாசிக்க வாசிக்கக் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. அந்த வேலைப் பக்கமே போகாதவர்களின் பெயர்கள் பதிவேட்டில் இருந்தன. கட்டி முடித்துவிட்டதாகக் கணக்கு எழுதிய அரசுக் கட்டடமோ, கூரையும் கதவும் ஜன்னலும் இல்லாமல் அதே ஊரில் எல்லார் கண்ணெதிரிலும் நின்றது.

அரசைப் பற்றிக் கருத்து இல்லாத குடிமக்கள் எந்த நாட்டில் இருக்கிறார்கள்? விலைவாசி, ரேஷன், வேலையின்மை, சாலை, ஆஸ்பத்திரி என்று டீக்கடையில் தினமும் பேச்சு நடக்கிறது. அதில் பெரும்பகுதி உண்மையும்கூட. ஆனால் 'எல்லாரும் தின்கிறார்கள்' என்று சொன்னால் எந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பதிவேட்டின் இந்தப் பக்கத்தில் என் பெயருக்கு நேராக இவ்வளவு தொகை எழுதியிருக்கிறது, அது என் கைக்கு வரவில்லை என்று சொன்னால் பதில் சொல்லியே ஆக வேண்டும். கோட் கிரானாவில் நடந்தது இந்த மாற்றம்தான். மக்களின் மனக்குறை அன்றைக்குச் சாட்சியமானது.

இதை நடத்தியது மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு. சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1968-ல் ஐ.ஏ.எஸ். பணியில் சேர்ந்து, 1975-ல் அதை உதறிவிட்டு வந்த அருணா ராயும், அவருடன் நிகில் டே, சங்கர் சிங் ஆகியோரும் 1987-ல் தேவ்டுங்ரி என்ற கிராமத்தில் ஒரு சிறு குடிசை வீட்டில் தங்கி வேலையைத் தொடங்கினார்கள். 1990 மே 1 அன்று பீம் என்ற ஊரில் அமைப்பு முறையாகப் பிறந்தது. சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளிகளும்தான் அதன் உறுப்பினர்கள்.

அவர்களுடைய முதல் பிரச்சினை வயிற்றுப் பிரச்சினை. மழை பொய்க்கும் அந்த வறண்ட நிலத்தில், பஞ்ச காலத்தில் அரசு தரும் குளம் வெட்டும் வேலையும் சாலை வேலையும்தான் பிழைப்பு. அந்த வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி தராமல் இருப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1983-லேயே உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் வழக்கு ஒன்றில் தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் கூலி முழுசாக வரவில்லை. எவ்வளவு மண் வெட்டினார்கள் என்று அளந்து எழுதும் புத்தகம் அதிகாரிகளிடம் இருந்தது. 'நீங்கள் வெட்டியது இவ்வளவுதான், ஆகவே கூலியும் இவ்வளவுதான்' என்பதே பதில். அந்த அளவுப் புத்தகத்தைக் காட்டுங்கள் என்று கேட்டால், அது அரசு ரகசியம் என்றார்கள். தான் வெட்டிய மண்ணின் அளவு தனக்கே ரகசியம்! கூலிக்காக இருந்த உண்ணாவிரதங்களால் கிடைக்காத நியாயம் இந்தக் காகிதங்களுக்குள் ஒளிந்திருக்கிறது என்பதை அந்தத் தொழிலாளிகள் புரிந்துகொண்டது இப்படித்தான்.

கோட் கிரானாவைத் தொடர்ந்து மற்ற ஊர்களிலும் ஜன் சுன்வாய் எனப்படும் பொது விசாரணைகள் நடந்தன. கைக்குக் கிடைத்த பதிவேடுகளை நகலெடுத்து, வீடு வீடாகப் போய் ஒப்பிட்டுச் சரிபார்த்து, பிறகு எல்லார் முன்னிலையிலும் வாசித்தார்கள். அதிகாரிகளுக்கும் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்தார்கள். விஷயம் பரவியதும் அதிகாரிகள் பதிவேடுகளைத் தர மறுத்தார்கள். 1995 ஏப்ரலில் முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத், உள்ளூர் வளர்ச்சிப் பணிகளின் ஆவண நகல்கள் மக்களுக்குத் தரப்படும் என்று சட்டசபையில் அறிவித்தார். ஒரு வருஷம் ஆகியும் ஆணை வரவில்லை. 1996 ஏப்ரல் 6-ல் பியாவர் நகரில் தர்ணா தொடங்கி 40 நாள் நடந்தது. கிராமத்து ஜனங்கள் தானியம் கொண்டுவந்தார்கள், நகரத்துக் காய்கறி வியாபாரிகள் காய்கறி கொடுத்தார்கள். 'ஜன்சத்தா' ஆசிரியர் பிரபாஷ் ஜோஷி நேரில் வந்தார்.

அடுத்த வருஷம் ஜெய்ப்பூரில் 53 நாள் தர்ணா. அதன் முடிவில் துணை முதல்வர் ஒரு செய்தி சொன்னார்: நகல் தரும் ஆணை ஆறு மாதத்துக்கு முன்பே அரசிதழில் வெளியாகிவிட்டது என்று. யாருக்காக அந்த ஆணையோ அவர்கள் வெயிலில் உட்கார்ந்திருக்க, அரசு வாய் திறக்கவில்லை. தகவல் உரிமைக்கான போராட்டம் எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்க முடியாது.

அந்த இயக்கத்தின் பெண் ஒருவர் டெல்லியில் பத்திரிகையாளர்களிடம் சொன்ன விளக்கம் நாடெங்கும் பேசப்பட்டது. பத்து ரூபாய் கொடுத்து மகனைக் கடைக்கு அனுப்பினால்கூடத் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறோம், எங்கள் பெயரில் கோடி கோடியாய்ச் செலவழிக்கும் அரசிடம் கேட்கக் கூடாதா என்பதே அவர் வாதம். அவர் அதிகம் படித்தவர் இல்லை.

1997-ல் தமிழ்நாடு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்து மாநிலங்களில் முன்னோடியானது. ஆனால் விதிவிலக்குகளின் பட்டியல் நீளமாக இருந்ததால் அது அவ்வளவாகப் பயன்படவில்லை. நாடு முழுவதற்குமான சட்டம் 2005 அக்டோபர் 12-ல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நிறைவேறிய ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், நம் ஊரில் 'நூறு நாள் வேலை' என்று வழங்கிய திட்டத்தில், கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று 17-வது பிரிவு எழுதியது. கோட் கிரானாவின் முறை நாட்டின் சட்டமானது. மேகாலயா 2017-ல் சமூகத் தணிக்கைக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. கிர் காட்டுப் பகுதியில் சட்டவிரோதக் கல்குவாரிகளைத் தகவல் உரிமை மூலம் வெளிக்கொண்டுவந்த அமித் ஜேத்வா, 2010-ல் குஜராத் உயர் நீதிமன்றத்தின் எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2019-ல் வந்த திருத்தம் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் முடிவு செய்யும் அதிகாரத்தை மத்திய அரசின் கையில் கொடுத்தது. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ தகவல் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையே மாற்றி எழுதியது. முன்பு, பொதுப்பணிக்குத் தொடர்பில்லாத, அல்லது தேவையில்லாமல் தனியுரிமையில் தலையிடும் தனிப்பட்ட விவரங்களைத்தான் மறுக்க முடிந்தது. மாற்றிய வாசகத்தில் தனிநபர் தகவல் என்பதே மறுப்பதற்குப் போதும். மஸ்டர் ரோலில் இருப்பவை மனிதர்களின் பெயர்கள். அந்தப் பெயர்களை வாசித்ததால்தான் கோட் கிரானாவில் பொய் வெளிப்பட்டது. தனியுரிமை காக்கப்பட வேண்டியதுதான், ஆனால் பொதுப்பணத்தில் யாருக்கு என்ன போனது என்பதை மறைக்க அது திரையாகக் கூடாது. பொதுநலன் பெரிதென்றால் தகவலைத் தரலாம் என்னும் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. அதிகாரிகள் அதைத் தாராளமாகப் பயன்படுத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். வரவு செலவு வாசிக்கப்படும்போது இருங்கள், புரியாததைக் கேளுங்கள், நகல் கேளுங்கள். தர மறுத்தால் ஒரு வெள்ளைத்தாளில் மனு எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை, சட்டத்தின் 6(2) பிரிவு அப்படித்தான் சொல்கிறது.