ஈரநில மண்ணாக்கத்தில் புவிவேதியியல் மாதிரியாக்கம்: குட்டநாட்டுக் கரிமண்ணை முன்வைத்து

திறவுச்சொற்கள்: ஈரநிலம், கரிமண், பைரைட், ஜாரோசைட், தெவிட்டல் குறியீடு

கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியை ஒட்டிய குட்டநாட்டில் நெல்வயல்கள் பல கடல்மட்டத்திற்கும் கீழே அமைந்துள்ளன. அவற்றுள் ஒருசார் நிலத்தின் மண் ‘கரி’ எனப்படுகின்றது. தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவான இச்சொல் மண்ணின் நிறத்தைச் சுட்டும். நீர் நிற்கும்வரை அடங்கியிருக்கும் இம்மண், நீர் வடிந்து காய்ந்ததும் கடும் அமிலத் தன்மை அடைகின்றது. அந்த அமிலம் எவ்வளவு, எத்துணைக் காலம் நீடிக்கும் என்பவற்றை ஒற்றை பி.எச். அளவீட்டால் அறிய இயலாது. கரைசலில் அன்றுள்ள அமிலம் ஒன்றையே அவ்வளவீடு காட்டும். கனிமங்களில் அடைபட்டிருப்பதைக் கணக்கிட மாதிரியாக்கம் தேவைப்படுகின்றது.

பைரைட் உருவாகும் முறை

காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிரிகள் கரிமப் பொருளைச் சிதைப்பதற்கு முதலில் ஆக்சிசனையும், பின்னர் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு ஆகியவற்றையும், இறுதியாகச் சல்பேட்டையும் பயன்கொள்கின்றன. இலங்கையரான பொன்னம்பெருமா நீர் தேங்கிய மண்ணின் வேதியியல் குறித்து 1972இல் வெளியிட்ட கட்டுரை இத்துறையில் இன்றும் தொடக்கப் பாடமாக விளங்குகின்றது. கடல்நீர் சல்பேட்டையும், வண்டல் இரும்பையும், தாவரங்கள் கரிமத்தையும் தர, மூன்றும் கூடுமிடத்தில் பைரைட் படிகின்றது.

அமிலக் கணக்கு

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘ஃப்ரீக்-சி’ போன்ற மென்பொருள்கள், மண்நீரின் அயனி அளவுகளைக் கொண்டு ஒவ்வொரு கனிமத்திற்கும் தெவிட்டல் குறியீட்டைக் கணிக்கின்றன. குறியீடு நேரெண்ணாயின் கனிமம் படியக்கூடும், எதிரெண்ணாயின் கரையக்கூடும். பைரைட் முழுமையாக ஆக்சிசனேற்றம் அடைந்து இரும்பு ஹைட்ராக்சைடாக மாறினால், ஒரு மோலுக்கு நான்கு மோல் அமிலம் வெளிப்படும். ஒரு கிலோ பைரைட்டின் அமிலத்தை நடுநிலையாக்க ஏறத்தாழ 1.67 கிலோ கால்சியம் கார்பனேட் வேண்டும்.

வயலில் வினை இவ்வளவு எளிதாக முடிவதில்லை. பி.எச். 4க்குக் கீழிறங்கி, பொட்டாசியமும் கிட்டினால் ஜாரோசைட் உருவாகின்றது. வேர்த்துளைகளை ஒட்டி வைக்கோல் நிறத் திட்டுகளாகக் கண்ணுக்கே புலப்படுவது இக்கனிமமே. இந்நிலையில் நான்கில் மூன்று பங்கு அமிலமே வெளிவரும்; எஞ்சிய ஒரு பங்கு, ஜாரோசைட் மெல்லக் கோதைட்டாக மாறும்போது ஆண்டுக்கணக்கில் கசியும். பரிமாற்ற அலுமினியமும் இத்தகைய இருப்பே. கரைசலின் பி.எச். மட்டும் பார்த்துச் சுண்ணாம்பு இடப்பட்ட நிலம் மீண்டும் புளிப்பதற்குக் காரணம் இங்கேதான் உள்ளது.

மாதிரியின் எல்லை

சமநிலையை மட்டும் கருதும் மாதிரி, ஆக்சிசன் பட்டவுடன் பைரைட் முழுதும் அழிவதாகக் காட்டிவிடும். உண்மையில் ஆக்சிசன் நீரில் பரவும் வேகம் காற்றில் பரவுவதைக் காட்டிலும் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. ஆகவே நிலத்தடி நீர்மட்டமே வினையின் வேகத்தை ஆளுகின்றது. அமிலச் சூழலில் இரும்பை ஆக்சிசனேற்றும் பாக்டீரியங்களின் பங்கையும் வினைவேகச் சமன்பாடாகச் சேர்த்தல் இன்றியமையாதது. இவ்விரண்டையும் விடுத்த கணக்கு, எவ்வளவு நுட்பமாயினும், வயலுக்கு உதவாது.

உவர்நீர் புகுதல் தனியே கருதத்தக்கது. கடல்நீரின் காரத்தன்மை லிட்டருக்குச் சுமார் 2.3 மில்லிமோல். இதனை மட்டும் நம்பினால் ஒரு கிலோ பைரைட்டின் அமிலத்திற்கு ஏறத்தாழ 14,500 லிட்டர் கடல்நீர் தேவை. ஓதநீரின் பெரும்பயன் வேறு: அதன் சோடியமும் மக்னீசியமும் அலுமினியத்தைக் களித்துகள்களிலிருந்து பெயர்த்து நீரோடு வெளியேற்றுகின்றன. பெயர்ந்த அலுமினியம் நீராற்பகுப்படைவதால் தொடக்கத்தில் பி.எச். குறைவதும் உண்டு. தண்ணீர்முக்கம் தடுப்பணை கோடையில் உவர்நீரைத் தடுத்துவருவதால், அணைக்குத் தெற்கேயுள்ள வயல்களுக்கான மாதிரியில் இவ்வினையின் பங்கைப் பருவந்தோறும் தனித்தனியே வரையறுக்க வேண்டியுள்ளது.