பனியில் செயற்கைக் கால் தளர்வது ஏன்?

காலையில் கச்சிதமாகப் பொருந்திய செயற்கைக் கால், பிள்ளைகளோடு பனிமனிதன் செய்து முடிப்பதற்குள் லொடலொடவென்று ஆடத் தொடங்கும். ஏன்? நடக்க நடக்க, சாக்கெட் என்னும் கூட்டுக்குள் எஞ்சிய காலின் சதை அழுந்துகிறது. அதிலுள்ள நீர் மெல்ல வெளியேறி, சுற்றளவு குறைகிறது. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குவதும் சேர்ந்துகொள்கிறது. கைவசம் எளிய மருந்து உண்டு: கோட்டுப் பையில் இன்னொரு காலுறை. உள்ளே போட்டதும் இடைவெளி அடைபடும்.

வழுக்கலோ வேறு கதை. பாதம் நழுவுவதை நமக்கு முதலில் சொல்வது உள்ளங்காலும் கணுக்காலும்தான். கார்பன் இழைப் பாதத்துக்கு நரம்பு ஏது? செய்தி மேலே, எஞ்சிய கால் வழியாகத் தாமதமாக வருகிறது. அதற்குள் அப்பா மல்லாந்திருப்பார், பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் சரிவில் ஏறும்போது நல்ல காலும், இறங்கும்போது செயற்கைக் காலும் முந்த வேண்டும். பூட்ஸின் குதிகால் உயரம் கூடினாலும் முழங்கால் முன்னே தள்ளப்படும். பனிக்காலப் பூட்ஸை வாங்கியதும் கால் பொருத்துபவரிடம் காட்டுவது நல்லது.

என்னைக் கேட்டால், பனி விளையாட்டுகளில் சறுக்குவண்டிக்குத்தான் முதலிடம். உட்கார்ந்தால் போதும், மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். மேலே இழுத்துப் போவது பிள்ளைகள் வேலை!

உங்களுடையது பேட்டரியில் இயங்கும் செயற்கை முழங்கால் என்றால், கிளம்புமுன் முழுதாகச் சார்ஜ் போட்டுவிடுங்கள். குளிரில் அது சீக்கிரம் இறங்கிவிடும்.