சி டிரைவ் சிவப்பாகும்போது: விர்ச்சுவல் மெஷினுக்கு எவ்ளோ இடம்தான் வேணும்?

லேபுக்காக லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதுக்குள்ள உபுண்டு போட்டவங்க பல பேருக்கு இந்த அனுபவம் வந்திருக்கும். மூணு மாசம் எந்தத் தொல்லையும் இல்லாமல் ஓடும். ரிவ்யூவுக்கு முதல் நாள் ராத்திரி பார்த்து விண்டோஸில் சி டிரைவ் பட்டை சிவப்பாகி நிற்கும். உபுண்டு ஜன்னல் அப்படியே உறைந்து, ஹோஸ்டில் டிஸ்க் நிறைஞ்சுடுச்சு என்று ஒரு செய்தி வரும்.

அந்தச் செய்தியைப் பார்த்துப் பதறாதீங்க. மெஷின் செத்துப்போகலை, பாஸ் ஆகி நிற்குது, அவ்ளோதான். விண்டோஸ் பக்கம் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் படங்களையும் பழைய ஐஎஸ்ஓ ஃபைல்களையும் அழித்துச் சில ஜிபி காலி பண்ணிட்டு, மெஷின் மெனுவில் பாஸை எடுத்துவிட்டால் விட்ட இடத்திலிருந்தே ஓட ஆரம்பிக்கும்.

என் ரூம்மேட் அன்னிக்குச் செய்தது வேற. மெஷினை ஆஃப் பண்ணினான். எந்த ஃபோல்டர் இடத்தைத் தின்னுதுன்னு தேடினான். ஸ்னாப்ஷாட்ஸ் என்ற பெயரில் 22 ஜிபிக்கு ஒரு ஃபோல்டர் இருந்தது. "பழைய பேக்கப்தானேடா" என்று சொல்லிக்கிட்டே ஷிஃப்ட் டெலீட் அடிச்சான். அதுக்கப்புறம் அந்த மெஷின் திறக்கவே இல்லை. ப்ராஜெக்டில் கிட்ஹப்பில் ஏற்றியிருந்த பாதி மட்டும்தான் மிஞ்சியது.

அவனைத் திட்டிப் பயனில்லை, பெயரே அப்படி ஏமாத்துது. ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் உங்க பழைய டிஸ்க் ஃபைல் பூட்டப்படும். அதுக்கு அப்புறம் நீங்க எழுதும் ஒவ்வொரு பைட்டும் ஒரு புது ஃபைலுக்குத்தான் போகும். அந்தப் புது ஃபைல்தான் ஸ்னாப்ஷாட்ஸ் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கு. அதாவது அங்கே இருப்பது பழசு இல்லை, நேத்து வரைக்கும் நீங்க செய்த வேலை. அதை எக்ஸ்ப்ளோரரில் போய்க் கையால் தொடவே கூடாது. விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளேயே ஸ்னாப்ஷாட் பட்டியலில் போய் டெலீட் கொடுங்க. அங்கே டெலீட் என்றால், மெஷினின் இப்போதைய நிலை அப்படியே இருக்கும், ரெண்டு ஃபைலும் ஒன்றாகச் சேரும். சேரும்போது தற்காலிகமாகக் கூடுதல் இடம் கேட்கும் என்பதால் டிஸ்க் முழுசா நிறையும் வரை காத்திருக்கக் கூடாது.

ஸ்னாப்ஷாட்டே இல்லாதவங்களுக்கும் டிஸ்க் ஏன் வீங்குது? மெஷின் உருவாக்கும்போது டைனமிக், ஃபிக்ஸ்டு என்று ரெண்டு வழி உண்டு. ஃபிக்ஸ்டு என்றால் 40 ஜிபி கேட்டால் அன்னிக்கே 40 ஜிபி போயிடும். டைனமிக் என்றால் சில எம்பியில் தொடங்கி, தேவைக்கு ஏற்ப வளரும். நாம எல்லாரும் டைனமிக்தான் எடுப்போம், அது சரியும்கூட. ஆனா அந்த ஃபைலுக்கு வளரத்தான் தெரியும், தானாகச் சுருங்கத் தெரியாது. உபுண்டுக்குள்ள 10 ஜிபி டேட்டாசெட்டை அழிச்சீங்க என்றால், அந்த இடம் காலின்னு உபுண்டு தன் கணக்கில் குறிச்சுக்கும். பழைய பிட்டுகள் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். வெளியே இருக்கும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு அது குப்பையா, முக்கியமான ஃபைலான்னு தெரியாது. அதனால் இடத்தைத் திருப்பித் தராது.

திரும்ப வாங்கணும்னா ரெண்டு கட்டமாகச் செய்யணும். முதலில் உபுண்டுக்குள்ள 'ஏபிடி க்ளீன்' கொடுத்து இன்ஸ்டாலேஷன் மிச்சங்களைத் துடைச்சிடுங்க. ஜர்னல் லாகையும் பாருங்க, அது ஃபைல் சிஸ்டத்தில் 10 சதவீதம் வரைக்கும், அதிகபட்சம் 4 ஜிபி வரைக்கும் வளரக்கூடியது. அப்புறம் 'டிடி' கட்டளையால் வெறும் பூஜ்யங்களை ஒரு ஃபைலில் எழுதவிடுங்க. இடம் தீர்ந்தது என்று எரர் வரும் வரைக்கும் ஓடும். அந்த எரர்தான் நமக்கு வேணும். உடனே அந்த ஃபைலை அழிச்சிட்டு மெஷினை ஷட்டவுன் பண்ணுங்க. இதைத் தொடங்கும் முன் விண்டோஸ் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு வைப்பது நல்லது. ரெண்டாவது கட்டம் விண்டோஸில்: கமாண்ட் ப்ராம்ப்டில் 'விபாக்ஸ்மேனேஜ் மாடிஃபைமீடியம் டிஸ்க்' என்று போட்டு, டிஸ்க் ஃபைலின் பாதையைக் கொடுத்து, கடைசியில் '--காம்பாக்ட்' சேர்த்தால் பூஜ்யமாக இருக்கும் பகுதிகளை வெட்டி எறியும். விடிஐ ஃபைலுக்குத்தான் இதை நம்பலாம். யாரோ கொடுத்த ஓவிஏ-வை இம்போர்ட் பண்ணியிருந்தால் உங்க டிஸ்க் விஎம்டிகே ஆக இருக்கலாம். அதை முதலில் விடிஐ ஆக க்ளோன் பண்ணிக்கணும்.

இது வரைக்கும் பார்த்தது லேப்டாப் நிறையும் கதை. மெஷினுக்குள்ளேயே இடம் தீர்வது வேற நோய், ரெண்டையும் குழப்பிக்காதீங்க. உள்ளே 'டிஎஃப் -எச்' அடிச்சுப் பாருங்க. உபுண்டு சர்வர் போட்டவங்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருக்கும்: 50 ஜிபி கொடுத்திருப்பீங்க, ரூட்டில் 24 போலத்தான் காட்டும். யாரும் திருடலை. அதன் இன்ஸ்டாலர் எல்விஎம் முறையில், இந்த அளவு டிஸ்க்கில் ஏறத்தாழ பாதியைத்தான் ரூட்டுக்குத் தரும். மீதி சும்மா கிடக்கும். 'எல்விஎக்ஸ்டெண்ட்' கொடுத்து அந்த மீதியைச் சேர்த்து, 'ரீசைஸ்2எஃப்எஸ்' ஓட்டினால் ரீபூட் கூட வேண்டாம், இடம் இரட்டிப்பாகும்.

உண்மையிலேயே டிஸ்க் சின்னதுன்னா மீடியா மேனேஜரில் ஸ்லைடரை இழுத்துப் பெரிசாக்கலாம். ஸ்னாப்ஷாட் இருந்தால் முதலில் சேர்த்துடுங்க. இழுத்த பிறகு உள்ளே பார்டிஷனையும் ஃபைல் சிஸ்டத்தையும் தனியாக நீட்டணும்; இதை மறந்துட்டு "வேலை செய்யலை"ன்னு சொல்றவங்கதான் அதிகம். ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும், பெரிசாக்கினதைத் திரும்பச் சின்னதாக்க அதே ஸ்லைடர் உதவாது. அதனால் 25-லிருந்து நேரா 200-க்குத் தாவாதீங்க. 512 ஜிபி எஸ்எஸ்டி என்று வாங்கினதே விண்டோஸ் கணக்கில் 476-தான்.

விர்ச்சுவல்பாக்ஸ் வேண்டாம், டபிள்யூஎஸ்எல் 2 போதும்னு இருக்கீங்களா? அங்கேயும் ஒரு விஎச்டிஎக்ஸ் ஃபைல் இதே மாதிரி வீங்கிக்கிட்டுத்தான் இருக்கும். 'டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்' கொடுத்துட்டு, டிஸ்க்பார்ட்டில் அந்த ஃபைலைத் தேர்ந்தெடுத்து காம்பாக்ட் பண்ணலாம். டாக்கர் பயன்படுத்துறவங்க அதுக்கு முன்னாடி பழைய இமேஜ்களை 'ப்ரூன்' பண்ணிக்கோங்க. ஆனா நிறுத்தி வெச்ச கன்டெய்னர்களையும் அது தூக்கிடும், பார்த்துச் செய்யணும்.

எதுவும் பத்தலைன்னா மெஷினையே எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு மாத்தலாம். கட் பேஸ்ட் வேண்டாம். மெஷின் மெனுவில் மூவ் என்றே ஒரு வழி இருக்கு. அந்த டிஸ்க் என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டாக இருக்கணும். ஃபேட்32-வில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்போது மட்டும் கேபிளைப் பிடுங்கிடாதீங்க.